வெள்ளைக் கல் தெரிந்தால் இறங்கலாம்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பத்திரிகையில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காசி வரையிலும் ரோமாபுரி வரையிலும் போய் வந்தவர்கள். நான் போனது ஹட்டனிலிருந்து முப்பது மைலுக்குள் இருக்கிற ஓர் ஓடைக்கு. அதற்கு வரைபடத்தில் பெயர்கூடக் கிடையாது. எனக்கு எழுதிப் பழக்கமும் இல்லை. 'கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிற டீச்சர்' என்று பிள்ளைகள் என்னைச் சொல்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனாலும் மழைக்காலத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இது உதவக்கூடும். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஹட்டனில் ஒரு பெண்கள் பாடசாலையில் பூகோளம் படிப்பிக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் நதிகளைப் பற்றிப் படித்தவள். நைல் நதி எந்த மாதம் பெருகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போன தவணையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்க தோட்டத்து ஆத்துல மழையே பெய்யாம தண்ணி ஏறுது. அது எப்படிங்க?" என்று கேட்டாள். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு விளங்கவில்லை என்பது தெரிந்தது. எனக்கும் முழுதாக விளங்கவில்லை என்பது அதைவிட நன்றாகத் தெரிந்தது. நானும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். எங்கள் லயத்துக்குக் கீழேயும் ஓர் ஓடை ஓடியது. ஒருநாளும் நின்று அதைப் பார்த்ததில்லை.

ஓகஸ்ட் விடுமுறையின் கடைசி வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். அக்கரப்பத்தனையில் என் பெரியம்மா மகள் மருதாயி அக்கா கொழுந்தெடுக்கிறாள். அவளுடைய லயம் ஓர் ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. அவளுக்கு எழுதத் தெரியாது என்பதால் நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் கமலா கடிதம் எழுதியிருந்தாள். 'சித்தி, வெள்ளைக் கல் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் அந்தக் கரையிலேயே நிற்கவும்' என்று எழுதி, இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

ஹட்டனில் காலை ஏழு நாற்பது ரயில். தலவாக்கலைக்கு மூன்றாம் வகுப்பு அறுபது சதம். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது ஜன்னலை மூட மறந்துவிட்டேன், வெள்ளைச் சேலை சாம்பல் பூத்துவிட்டது. நீங்கள் நிறச் சேலை கட்டிக்கொண்டு போங்கள். எட்டரைக்குத் தலவாக்கலை. அக்கரப்பத்தனைக்குப் போகும் சிவப்பு பஸ் ஒன்பதே காலுக்கு. பன்னிரண்டு மைலுக்கு ஐம்பத்தைந்து சதம், ஒரு மணி பத்து நிமிடம். லிந்துலை தாண்டிய பிறகு வளைவுகள் அதிகம். தலை சுற்றுகிறவர்கள் முன்னால் உட்காருவது நல்லது.

நானும் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். சாரதி சிங்களவர், வயதானவர். இந்த மழையில் எங்கே போகிறாய் நங்கி, தங்கச்சி, என்று கேட்டார். ஆற்றைப் பார்க்க என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் வளைவைத் திருப்பி முடித்தார். பிறகு, "நீ ஆற்றைப் பார். ஆறு உன்னைப் பார்த்துவிடாமல் கவனமாக இரு" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே முஸ்லிம் நானா ஒருவர் கடை வைத்திருக்கிறார். நான் குடையை மடக்குவதற்குள் அரைக் கொத்து உப்பைச் சுருட்டி நீட்டினார்.

"நான் உப்பு கேக்கலியே நானா."

"நீங்க கேக்க மாட்டீங்க டீச்சர். அட்டை கேக்கும்."

நான் டீச்சர் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மழை நாள்ல வெள்ளச் சீலை கட்டிக்கிட்டு வேற யாரு வருவாங்க?" என்றார். ஓடையைக் கடக்கப் போகிறேன் என்றதும் அவரும், "வெள்ளக் கல்லப் பாத்துக்கங்க" என்றுதான் சொன்னார். உப்பையும் ஒரு சவர்க்காரத் துண்டையும் வாங்கிக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே சவர்க்காரம் பூசிக்கொண்டால் அட்டை ஏறாது. ஏறிவிட்டால் உப்பு. இரண்டும் கட்டாயம் வேண்டும்.

கடையிலிருந்து ஓடைக்கு இரண்டு மைல். முதல் மைல் லொறி போகிற பாதை. அதற்குப் பிறகு தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை. மழை விட்டிருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் கற்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நனைந்த பச்சைக்கு நடுவில் பல்வரிசை மாதிரி இருந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். பெரிய துரைக்கும் மேலே கொழும்பிலிருந்து வி.ஏ. துரை என்று ஒருவர் வந்து தோட்டத்தைப் பார்வையிடுவார். அவர் வருவதற்கு முன்னால் அவர் கண்ணில் படக்கூடிய எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்பார்கள். வி.ஏ. துரை வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

ஓடையைப் பார்ப்பதற்கு முன் அதைக் கேட்டேன். மேலே கேட்பது தண்ணீரின் இரைச்சல். அதற்கு அடியில் 'கொடக், கொடக்' என்று இன்னொரு சத்தம். கரையில் நின்று கவனித்தபோதுதான் தெரிந்தது, அது தண்ணீருக்குள் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். கரையில் நிற்கும் என் பாதத்திலும் அது அதிர்ந்தது. ஆறு கல்லை உருட்டிக்கொண்டு போகும் என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். அதைக் காலால் உணர்வேன் என்று நினைத்ததில்லை. தண்ணீர் செங்கல் நிறம். வளைவில் நுரை தேங்கி, அதில் தேயிலைப் பூக்களும் ஒரு றப்பர்ச் செருப்பும் சுற்றிக்கொண்டிருந்தன.

மருதாயி அக்கா பகல் கொழுந்து நிறுத்து முடிந்துதான் கரைக்கு வருவாள். எனக்கு நேரம் இருந்தது. ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் ஓரத்தில் நட்டுவைத்தேன். தலைக்கு மேல் வெயில்கூட லேசாக அடித்தது. நாற்பது நிமிடத்தில் குச்சி ஒரு சாண் மூழ்கிவிட்டது. அந்தப் பிள்ளை சொன்னது அப்படியே உண்மை. எனக்கு உண்டான சந்தோஷத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. பன்னிரண்டே காலுக்கு எதிர்க்கரையைப் பார்த்தேன். வெள்ளைக் கல் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே ஒன்றரை அடி தெரிந்தது. செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் அடியில் முழங்கால். இரண்டாவது அடியில் இடுப்பு. மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. குடை போனதைப் பார்த்தேன். ஏதோ ஒரு பாறையில் முதுகு மோதியது, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டியது.

அக்கரையில் ஒரு குரல். "ஏய்! பாக்கியம்! கைய விட்டுராத! விட்டீன்னா நானே வந்து அடிப்பேன்!"

மருதாயி அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் கூடையோடு சரிவில் ஓடி வந்தார்கள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுகிற கயிறுகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்தார்கள். ஒரு நுனியைக் கரையிலிருந்த கொய்யா மரத்தில் கட்டினார்கள். மறுநுனி அக்காவின் இடுப்பில். அவள் எதிர்நீச்சல் எதுவும் போடவில்லை. எனக்கு மேலே பத்தடி தள்ளி இறங்கி, தண்ணீரே தன்னை என்னிடம் தள்ளட்டும் என்று விட்டாள். என் தலைமயிரைத்தான் முதலில் பிடித்தாள். மற்றவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என் கைக்கடிகாரம் பன்னிரண்டு பதினெட்டில் நின்றுபோனது.

கரையில் உட்கார்ந்து எல்லோரும் மூச்சு வாங்கினோம். முதலில் சிரித்தது அன்னக்கிளி என்பவள்.

"ஏன் மருதாயி, ஒந் தங்கச்சி ஆத்தப் பத்தித்தான் படிச்சிச்சின்னு சொன்ன?"

"படிச்சிருக்கா. எறங்கிப் படிக்கல. இப்ப எறங்கிட்டா."

"பாவம், வெள்ளச் சீலைய வெளுக்க வந்துச்சோ என்னமோ."

"வெள்ளைக் கல் தெரிஞ்சுதே அக்கா," என்றேன். அழுகை வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா தண்ணீரைக் காட்டினாள்.

அந்த ஓடையில் ஆட்டுக்கல் மாதிரி உருண்டையான, தாழ்ந்த கல் ஒன்று இருக்கிறது. சித்திரையில் லயத்துக்காரர்கள் அதன் தலைக்கு மட்டும் சுண்ணாம்பு பூசுவார்கள். அந்த வெள்ளை தெரிந்தால் தண்ணீர் முழங்காலுக்குள். அது மூழ்கினால் யாரும் இறங்கக் கூடாது. காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, "வெள்ள இருக்கா?" என்று கங்காணி கேட்பார். "முங்கிருச்சு" என்றால் அக்கரைப் பெண்களுக்கு அக்கரை மலையிலேயே வேலை. பிள்ளைகளுக்கும் அன்று பள்ளிக்கூடம் கிடையாது. எத்தனையோ காலமாக நடக்கும் ஏற்பாடு. இரண்டு வாரத்துக்கு முன்னால், வி.ஏ. துரை இந்தப் பாதையால் நடந்து வரக்கூடும் என்று, வேறு டிவிசனிலிருந்து சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் வந்தார்கள். பாதையோரக் கற்களை முடித்துவிட்டு, அதே கையோடு ஓடைக்குள் நின்ற மூன்று உயரமான பாறைகளுக்கும் அடித்துவிட்டார்கள். துரைக்கு அழகாக இருக்கட்டும் என்று. இப்போது எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வெள்ளை தெரியும். கமலா கடிதம் எழுதியது அதற்கு முந்தைய வாரம்.

"எங்களுக்கு எது நம்ம கல்லுன்னு தெரியும்," என்றாள் அக்கா. "திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குறாங்க. புள்ளைங்களுக்குத் தெரியணுமே."

அக்கரை லயத்தில் பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடசாலை இக்கரையில். தாய்மார் ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஏழரைக்குத் தாங்களாகத்தான் ஓடையைக் கடப்பார்கள். மாலையில் கமலாவைக் கரைக்குக் கூட்டிப்போய், வெள்ளைக் கல் எது என்று கேட்டேன். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தோரணையில், என்னைத் தாங்கிய அந்த உயரமான பாறையைக் காட்டினாள். அது இல்லை என்று அம்மா தினமும் சொல்லியிருக்கிறாள். ஆனால் நம்முடைய கல்தான் தண்ணீருக்குள் போய்விட்டதே. தெரியாததை எப்படிக் காட்டுவது?

சனிக்கிழமை காலை நான் வந்த வேலையை முடித்தேன். லயத்து வாசலிலிருந்து பார்த்தால் மேலே பத்தனைப் புல்வெளி தெரிகிறது. இங்கே வெயில் அடிக்கும்போதே அங்கே மழை சாம்பல் துணி மாதிரித் தொங்கியது. கடிகாரம் நின்றுவிட்டதால் ஃபாக்டரிச் சங்கை வைத்துக் கணக்குப் பார்த்தேன். மேலே மழை தொடங்கி ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரத்துக்குப் பிறகு கீழே தண்ணீர் ஏறுகிறது. முதலில் நுரை கூடுகிறது, பிறகு நிறம் மாறுகிறது, அதன் பிறகே உயரம். வானத்தைப் பார்க்காதீர்கள், நுரையைப் பாருங்கள். என் மாணவிக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

பகலில் அக்கா என்னைத் தோட்டத்து ஒஃபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஃபாக்டரிப் பாலத்தைச் சுற்றி நாலு மைல். மலை வேலையெல்லாம் பார்க்கிறவர் கண்டாக்கு ஐயா. "நீ படிச்ச புள்ள. நீ சொன்னா கேப்பாரு. மூணு கல்லுல இருக்குற சுண்ணாம்பச் சொரண்டச் சொல்லு, அவ்வளவுதான்," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

கண்டாக்கு ஐயா மரியாதையானவர். எனக்கு நாற்காலி கொடுத்து, தேநீர் வரவழைத்தார். அக்கா வாசலில் நின்றாள். அவள் நிற்கும்போது நான் உட்கார்ந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம், எனக்குப் பேச்சே வரவில்லை. ஓடை அழகாக இருக்கிறது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. "படித்தவர்கள் இதையெல்லாம் எழுத வேண்டும் டீச்சர். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பயணக் கட்டுரை வாசிப்பேன்," என்று மேசையில் இருந்த பத்திரிகையைத் தட்டிக் காட்டினார். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.

கடைசியில் அக்காதான் வாசலிலிருந்தே சொன்னாள். "ஐயா, ஆத்துக்குள்ள அடிச்ச சுண்ணாம்ப எடுத்துரணுங்க. புள்ளைங்க ஏமாந்து எறங்கிருவாங்க."

"வி.ஏ. துரை வந்து போகட்டும் மருதாயி. பிறகு பார்ப்போம்."

"திங்கக்கெழம பள்ளிக்கூடங்க ஐயா."

"அதுவரைக்கும் யாராவது கல்லில் கை வைத்தால், பெரட்டில் வேலை இல்லை. சொல்லிவிட்டேன்."

திரும்பும் நாலு மைலும் அக்கா எனக்கு முன்னாலேயே விரைந்து நடந்தாள். லயத்துக்கு வந்து, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை உதறிக்கொண்டே, "ஆறு அழகா இருக்காம்ல," என்றாள். அவ்வளவுதான்.

அன்று மாலை மழை விட்டது. ஞாயிறு காலையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, அந்த ஆட்டுக்கல் தலை காட்டியது. என்னை இழுத்துக் கரையேற்றிய ஐந்து பெண்களும் துணி துவைக்க வந்தார்கள். மருதாயி அக்கா, தன் வீட்டுக்காரர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியையும் ஒரு தேங்காய் மட்டையையும் என் பக்கத்தில் வைத்தாள்.

"இத நான் மறந்துட்டுப் போறேன்," என்றாள்.

"எங்கக்கா போற?"

"எங்கயும் போகல. இந்தா, இப்புடித் திரும்பி ஒக்காந்துக்கிறேன்." அன்னக்கிளியையும் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "யாரும் கேட்டா நாம ஒண்ணும் பாக்கல. நெசமாவே பாக்கல. என்னாடி?"

"எனக்குக் கழுத்து வலி. திரும்பவே முடியாது," என்றாள் அன்னக்கிளி.

கொய்யா மரத்துக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். சுண்ணாம்பில் பசை கலந்திருந்ததால் மழைக்கு அசையவில்லை. கத்தியால் சுரண்டி, மணலும் மட்டையும் வைத்துத் தேய்த்தேன். மூன்று பாறைக்கும் சங்கு ஊதி அடுத்த சங்கு வரை ஆனது. விரலெல்லாம் வெந்துவிட்டது. ஆட்டுக்கல்லின் தலையைத் தொடவில்லை. முடிந்த பிறகு பார்த்தால் ஓடை முழுவதிலும் ஒரே ஒரு வெள்ளை. ஐந்து முதுகுகளும் அப்படியே இருந்தன.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். அதே சாரதி. குடை எங்கே என்று கேட்டார். ஆறு பார்த்துவிட்டது என்றேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஓகஸ்ட் மாதம் தண்ணீரைப் பார்க்க நல்லது, கடக்க நல்லதல்ல. நேரம் இருந்தால் நாலு மைல் சுற்றிப் பாலத்தால் போங்கள், வழியில் ஃபாக்டரி வாசனையும் கிடைக்கும். போக வர, உப்பு சவர்க்காரம் உட்பட, எனக்கு மூன்று ரூபாய்க்குள் முடிந்தது. குடை தனி. தனியாகப் போகாதீர்கள். எந்த அடையாளத்தை நம்பி இறங்குகிறீர்களோ, அதை நேற்றும் பார்த்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போன வாரம் கமலாவிடமிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை வெள்ளை மூழ்கியிருந்ததாம். பதினொரு பேரும் கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்களாம். புதன்கிழமை தெரிந்ததாம், போனார்களாம். வி.ஏ. துரை ஃபாக்டரிவரை ஜீப்பில் வந்து, தூறல் விழுந்ததால் இறங்காமலே போய்விட்டாராம். ஆனால் கல்லில் கை வைத்தது யார் என்று பெரட்டில் கேள்வி நடக்கிறதாம். பெயர் வெளியே வராவிட்டால் மாத முடிவோடு அக்கரை லயத்துப் பெண்கள் ஐந்து பேருக்கும் வேலை நிற்குமாம். அவர்கள் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம்.

அதனால்தான் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. வாசிக்க வேண்டியவருக்குத் தெரியும். கண்டாக்கு ஐயா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசிப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு, நான் கேட்காமல் வந்ததை இப்போது கேட்கிறேன். மூன்று கல்லையும் சுரண்டியது நான். அந்தப் பெண்கள் பார்க்கவில்லை. நீங்கள் தேடும் பெயர் கீழே இருக்கிறது. அவர்களுக்குப் பெரட்டில் வேலை கொடுங்கள். அடுத்த முறை துரை வரும்போது, தயவுசெய்து, ஓடைக்குள் ஒரு கல்லுக்கு மேல் வெள்ளை அடிக்க வேண்டாம்.

செ. பாக்கியம்,
ஆசிரியை, ஹட்டன்.